வியாழக்கிழமைத் தண்ணீர்

என் கணினியில் ஓடியதே, என்றேன்.
சொல்லும்போதே வெட்கமாக இருந்தது.
மறுமுனையில் நாகரத்னா சிரிக்கவில்லை.
ராஜாஜிநகர்ப் பரிசோதனைக் கூடத்தில்
காலை ஏழு மணி,
சர்க்கரை பார்க்க வந்தவர்கள் இருபத்தாறு பேர்,
வெறும் வயிறு.
குப்பியில் ஒட்டும் சீட்டு அச்சாகவில்லை.
சீட்டு இல்லாமல் ஊசி இல்லை,
ஊசி இல்லாமல் இட்லி இல்லை.

நான் எழுதிய லைப்ரரி மிகச் சிறியது.
தேதிகளைப் படிக்கும், அவ்வளவுதான்.
கன்னட மாதம், ஆங்கில மாதம்,
பதிவு மேசையில் யாரோ அவசரத்தில் தட்டிய அரை மாதம்,
எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்தும்.
உள்ளே, எழுத்துகளைப் பிரிக்க
முகம் தெரியாத ஒருவர் செய்த கருவி.
மூன்று வருடமாக அதை அழைக்கிறேன்.
பட்டியலில் எழுதவில்லை.

எழுதத் தோன்றவில்லை என்பதே சரி.
நான் கேட்ட வேறொன்று
அதையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தது,
கல்யாணத்துக்கு வந்தவரோடு வந்த மைத்துனர் போல.
பத்திரிகை வைத்தது ஒருவருக்கு.
பந்தியில் ஓடி ஓடிப் பரிமாறியது மைத்துனர்.
போன செவ்வாய், புதிய பதிப்பில்,
வந்தவர் தனியாக வந்துவிட்டார்.
என் கணினியில் மட்டும் மைத்துனர்
பழைய பாயிலேயே படுத்திருந்தார்.

இப்போதைக்குப் பழைய பதிப்புக்குப் போ, என்றேன்.
எட்டே முக்காலுக்கு இட்லி சாத்தியமானது.

அதே வாரம்தான் முருகேஷ்பாளையத்து வீட்டில்
குழாய் காற்றைத் துப்பியது.
தண்ணீருக்கென்று மாதம் நானூறு கொடுக்கிறேன்,
அதனால்தான் வருகிறது என்று இருந்தேன்.
வாட்ச்மேன் பசவராஜு சொன்னார்:
“செகண்ட் ஃப்ளோர் ஷம்ஷாத் மேடம்
வியாழக்கெழமை லாரிக்காரனுக்கு போன் போடுவாங்க.
அவன் எடுக்குற வரைக்கும் போடுவாங்க.
சண்டே காலி பண்ணிட்டாங்களே, தெரியாதா?”

ஷம்ஷாத்.
லிஃப்டில் இரண்டு முறை பார்த்திருப்பேன்.
ஒருமுறை அவர் குடை என் செருப்பில் சொட்டியது.
முறைத்தேன்.

புதன் இரவு
கேன் தண்ணீரில் முகம் கழுவிவிட்டு உட்கார்ந்தேன்.
எதுவுமே நிறுவாத கணினி ஒன்றை
மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து
அந்த வெறுந்தரையில் என் லைப்ரரியை இறக்கினேன்.
முதல் வரியிலேயே விழுந்தது.
நல்லது, விழட்டும்.

என் கை எதைத் தொடுகிறதோ
அதன் பெயர் என் பட்டியலில் இருக்க வேண்டும்,
வேறு யார் அதைக் கூட்டிவந்தாலும்.
எழுதினேன்.
எந்தப் பதிப்பிலிருந்து என்பதையும் எழுதினேன்,
இந்த ஓர் எண்தான் என்று ஆணி அடிக்காமல்.
லைப்ரரி, பலர் சேர்ந்து இருக்கும் அறைக்குப் போவது;
ஃபேன் மூன்றில்தான் சுற்ற வேண்டும் என்று
அங்கே போய் அடம் பிடிக்க முடியாது.
சோதனைக்கு மட்டும் வேண்டிய நான்கைத்
தனிப் பட்டியலுக்கு நகர்த்தினேன்.
இரண்டு பெயர்கள் எதற்கென்றே தெரியவில்லை.
எடுத்துப் பார்த்தேன். எதுவும் விழவில்லை.
எத்தனை பேர் கணினியில்
என் பேச்சைக் கேட்டு அவை சும்மா உட்கார்ந்திருந்தனவோ.

மறுபடி வெறுந்தரை. மறுபடி இறக்கினேன்.
நின்றது.
இரண்டே முக்காலுக்கு வெளியிட்டேன்.

காலையில் பசவராஜு
சிகரெட் அட்டையில் எழுதிக்கொடுத்த எண்ணுக்குப் போட்டேன்.
எடுக்கவில்லை.
பல் தேய்க்காமலே மறுபடி போட்டேன்.
ஆறாவது முறை எடுத்தான்,
“யாரு?” என்றான் கன்னடத்தில்.
பெயரைச் சொன்னேன்.
வீட்டு எண், குறுக்குத்தெரு, எதிரே பேக்கரி,
எல்லாம் சொன்னேன்.
பின்னால் எங்கோ டீசல் இரைந்தது.

“ஷம்ஷாத் மேடம் பில்டிங்,” என்றேன்.

“ஓ,” என்றான்.
“அரை மணி நேரம்.”